பெரியப்பா ஏன் 7.1-லேயே இருக்கிறார்

1

போன ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் திருச்சியிலிருந்து பெரியப்பா கூப்பிட்டார். போனில் நலம் விசாரிக்கிற பழக்கமெல்லாம் அவருக்குக் கிடையாது. நேராக விஷயம்தான்.

"தம்பி, புதுசா வர்ற தமிழ் மெயில் எல்லாம் தூ ஈ தூ ஈன்னு வருதுடா. யாரோ எதிர்ல நின்னு துப்புற மாதிரி இருக்கு. அப்கிரேட் பண்ணிடட்டுமா?"

சிரித்துவிட்டேன். அப்புறம், எந்த மென்பொருளில் மெயில் பார்க்கிறீங்க என்று கேட்டேன்.

"யூடோரா. 7.1."

சிரிப்பு நின்றுவிட்டது. விண்டோஸுக்கான யூடோரா 7.1-இன் கடைசித் திருத்தம் வந்தது 2006 அக்டோபரில். நான் இன்ஜினியரிங் காலேஜில் சேர்ந்த வருடம் அது. அதற்குப் பிறகு நான் படிப்பை முடித்து, நாலு கம்பெனி மாறி, எத்தனையோ மென்பொருள்களைப் பிறக்கவைத்து, சிலவற்றைச் சாகவும் வைத்திருக்கிறேன். பெரியப்பா அதே ஜன்னலில் அதே இடத்தில் உட்கார்ந்து மெயில் படித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"எட்டுன்னு ஒண்ணு இருக்காம். அதைப் போட்டா சரியாயிடுமா? இந்த மாசக் கடைசியோட பழைய முறையில லாகின் பண்ண முடியாதுன்னு வேற மெயில்காரன் எழுதியிருக்கான்."

"ஒண்ணும் பண்ணாதீங்க பெரியப்பா. சனிக்கிழமை நான் வர்றேன்."

இந்தக் கட்டுரை அந்தச் சனிக்கிழமையைப் பற்றியது. கூடவே இது ஒரு மென்பொருள் விமர்சனமும்கூட. ஒரு மெயில் மென்பொருளின் புதிய பதிப்புக்கு மாறலாமா வேண்டாமா என்பது ஐந்து நிமிட வேலை என்றுதான் நம்மில் பெரும்பாலானவர்கள் நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது ஒரு வாசிப்புப் பிரச்சினை என்று இப்போது தோன்றுகிறது.

2

யூடோராவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதை வாசிக்கிற பலர் அதைப் பார்த்தே இருக்க மாட்டீர்கள்.

1988-இல் இலினாய் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் டோர்னர் என்பவர் மேக்கின்டாஷுக்காக எழுதத் தொடங்கிய மெயில் மென்பொருள் அது. பிற்பாடு குவால்காம் கைக்குப் போனது, விண்டோஸுக்கும் வந்தது. மெயில் என்றால் ஒரு கறுப்புத் திரையில் கட்டளை தட்டுவது என்றிருந்த காலத்தில், மவுஸால் கிளிக் செய்து கடிதம் படிக்கலாம் என்று லட்சக்கணக்கானவர்களுக்குக் காட்டியது. பிரவுசரிலேயே மெயில் என்ற காலம் வந்தபோது மங்கியது. 2007-இல் குவால்காம் அதன் விற்பனையை நிறுத்தியது.

அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்பதுதான் இலக்கிய வாசகர்களுக்குச் சுவாரஸ்யம். அமெரிக்க எழுத்தாளர் யூடோரா வெல்டியின் பெயர் அது. 1941-இல் வெளியான அவருடைய புகழ்பெற்ற சிறுகதை ஒன்றின் தலைப்பு, 'நான் ஏன் தபாலாபீசில் வசிக்கிறேன்' என்று பொருள்படும். இரவும் பகலும் மெயில் நிரலோடே கிடந்த டோர்னருக்கு அந்தத் தலைப்பு தன்னைப் பற்றியதாகப் பட்டிருக்கிறது. மென்பொருள் பிறந்தபோது வெல்டி உயிரோடு இருந்தார். 2001-இல்தான் இறந்தார்.

பெயர்க்காரணம் தெரிந்தவர்களில் பலரும் கதையைப் படித்திருப்பதில்லை. நானும் படித்ததில்லை. திருச்சிக்குப் போகிற ரயிலில்தான் படித்தேன்.

மிசிசிப்பியில் சைனா குரோவ் என்ற சின்ன ஊர். கதை சொல்பவள் அந்த ஊர்த் தபாலாபீசைப் பார்த்துக்கொள்கிறவள். புருஷனைப் பிரிந்த தங்கை ஒரு குழந்தையோடு வீட்டுக்குத் திரும்பி வருகிறாள். தங்கை மூட்டிவிட்டு மூட்டிவிட்டு, அம்மா, தாத்தா, மாமா என்று வீடே இவளுக்கு எதிராகத் திரும்புகிறது. ஜூலை 4 அன்று இவள் கோபித்துக்கொண்டு தபாலாபீசிலேயே குடியேறிவிடுகிறாள்.

கிளம்புகிற காட்சிதான் கதையின் உச்சம். வீட்டுக்குள் நடந்து நடந்து தன்னுடையது என்று ஒவ்வொன்றாக எடுக்கிறாள். ஓடிக்கொண்டிருக்கிற மின்விசிறியைப் பிடுங்குகிறாள். தான் பூவேலை செய்த தலையணையைத் தாத்தாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து உருவுகிறாள். ரேடியோ, தெர்மாமீட்டர், தையல் மிஷினின் மோட்டார். ஒவ்வொன்றுக்கும் அது ஏன் தனக்குச் சொந்தம் என்று அவளிடம் ஒரு கணக்கு இருக்கிறது. பாகப்பிரிவினை பார்த்த நம் ஊர் ஆட்களுக்கு இது விளக்கமே தேவைப்படாத காட்சி.

வாசகர் சிரித்துக்கொண்டே கடந்துவிடக்கூடிய ஒரு விஷயம் முடிவில் இருக்கிறது. அவளுடைய குடும்பம்தான் அந்த ஊரின் பெரிய தலைகள். அவர்கள் தபாலாபீஸ் பக்கமே வருவதில்லை என்று ஆனபின், அங்கே தபாலும் குறைந்துவிடுகிறது. ஐந்து நாளாக அங்கே இருக்கிறாள், சந்தோஷமாக இருப்பதாகச் சொல்கிறாள். தபாலாபீசில் குடியிருக்கிறவளுக்குத் தபால் இல்லை.

ரயில் விழுப்புரம் தாண்டும்போது எனக்குப் பெரியப்பாவின் ஞாபகம் வந்தது.

3

மென்பொருள் விமர்சனம் என்று நாம் படிப்பதெல்லாம் பெரும்பாலும் வசதிகளின் பட்டியல். இது புதிது, அது வேகம், இருட்டு நிறத்திலும் வரும். எழுதுகிறவர் புதிய பதிப்பை இரண்டு நாள் ஓட்டிப் பார்த்து மதிப்பெண் போடுவார். கேமராவுக்கோ மிக்ஸிக்கோ அது போதும். மெயில் மென்பொருளுக்குப் போதாது.

ஏனென்றால் அதற்குள் இருப்பது நம்முடைய வேலை மட்டும் இல்லை, மற்றவர்கள் நமக்கு எழுதியதும். நான் எழுதிய நிரலை வேறு எடிட்டரில் திறந்தால் அதே நிரல்தான். மெயில் விஷயம் வேறு. எனக்கு வந்த கடிதங்களைப் பதினைந்து இருபது வருடமாக ஒரே மென்பொருளின் வழியாக மட்டுமே வாசித்துக்கொண்டிருக்கிறேன் என்றால், அதை மாற்றும்போது எனக்கும் அந்தக் கடிதங்களுக்கும் நடுவில் ஒரு புதிய ஆள் வந்து உட்காருகிறான். அவன் முன்னவனைப் போலவே வாசித்துக் காட்டுவான் என்பதற்கு உத்தரவாதம் எதுவும் இல்லை.

ஆகவே என் அளவுகோல் இதுதான். புதிய பதிப்பு என்னவெல்லாம் செய்யும் என்பது இரண்டாவது கேள்வி. பழைய பதிப்பு எழுதிவைத்ததை அது எப்படி வாசிக்கிறது, பிடிக்காவிட்டால் திரும்பி வர வழி வைத்திருக்கிறதா என்பது முதல் கேள்வி.

என்னையே உதாரணம் சொல்கிறேன். நான் தண்டர்பேர்ட் பயன்படுத்துகிறவன். 2023 ஜூலையில் அதன் 115-ஆம் பதிப்பு, சூப்பர்நோவா என்ற பெயரோடு, முகத்தை மாற்றிக்கொண்டு வந்தது. பொத்தான்கள் இடம் மாறியதற்கே பலர் புலம்பினார்கள். நான் சில மாதங்கள் தள்ளிப்போட்டேன். என் தயக்கம் பொத்தான் பற்றியது இல்லை. தண்டர்பேர்டின் புதிய பதிப்பு உங்கள் கணக்கின் கோப்புறையை ஒருமுறை திறந்துவிட்டால், சாதாரணமாகப் பழைய பதிப்பு அதன்பின் அதைத் திறக்க மறுத்துவிடும். கோப்புகள் கெடக்கூடாது என்பதற்காக வைத்த பாதுகாப்பு அது, காரணம் நியாயமானதுதான். ஆனால் விளைவு, அது ஒருவழிக் கதவு. கதவு ஒருவழி என்று தெரிந்தபின் உள்ளே போகிறவன் ஒரு நகல் எடுத்துவைத்துக்கொண்டு போவான். தெரியாதவன் சும்மா போவான். விமர்சகரின் வேலை அதைச் சொல்வது. எந்த மதிப்பெண் பட்டியலிலும் நான் அதைப் பார்க்கவில்லை.

4

இந்த அளவுகோலால் முதலில் 7.1-ஐ அளக்கலாம்.

பெரியப்பாவின் கணினியைத் திறந்தேன். சனிக்கிழமை மதியம், பெரியம்மா போட்ட காபி கீபோர்டுக்குப் பக்கத்தில். யூடோரா கோப்புறைக்குள் கடிதப்பெட்டி ஒவ்வொன்றுக்கும் இரண்டு கோப்புகள். ஒன்றில் கடிதங்கள், ஒன்றன்பின் ஒன்றாக, வெறும் உரையாக. இன்னொன்று அவற்றுக்கான பொருளடக்கம். முதல் கோப்பை நோட்பேடில் திறந்தால் கண்ணாலேயே படிக்கலாம். பூட்டு இல்லை, ரகசிய வடிவம் இல்லை. கம்பெனி மூடி இத்தனை வருடம் கழித்தும் ஒரு அந்நியன் வந்து, அந்த மென்பொருளின் உதவியே இல்லாமல் கடிதங்களை வெளியே எடுத்துவிட முடிகிறது. வெல்டியின் நாயகி மாதிரி, தன்னுடையதையெல்லாம் எடுத்துக்கொண்டு கிளம்ப முடிகிற வீடு. ஒரு மெயில் மென்பொருளுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு எனக்குத் தெரியவில்லை.

அதற்கென்று ஒரு குணமும் இருந்தது. 2000-இல் வந்த ஐந்தாம் பதிப்பிலிருந்து, கடிதத்தில் கடுமையான சொற்கள் இருந்தால் பக்கத்தில் மிளகாய்ப் படம் போடும். ஒன்று, இரண்டு, மூன்று மிளகாய் என்று காரம் ஏறும். நீங்கள் எழுதுகிற கடிதத்துக்கும் போடும், அனுப்புவதற்கு முன் யோசிக்கட்டும் என்று. ஆங்கிலச் சொற்களை வைத்துத்தான் அந்தக் கணக்கு. பெரியப்பாவின் பெட்டியில் ஆங்கிலத்தில் வந்த ஒரு குடியிருப்போர் சங்கச் சண்டைக்கு மூன்று மிளகாய் விழுந்திருந்தது. அவருடைய நண்பர் தமிழில் எழுதிய வசவுகளுக்கு ஒன்றுகூட விழவில்லை.

குறைகளும் இருக்கின்றன, ஏக்கத்தில் அவற்றை மறைக்கக் கூடாது. கடிதத்தோடு வந்த படங்களையும் கோப்புகளையும் யூடோரா பிரித்தெடுத்துத் தனி இடத்தில் போட்டுவிடும். கடிதத்தில் அது எந்த இடம் என்று ஒரு வரி மட்டும் இருக்கும். நடுவில் ஹார்ட் டிஸ்க் மாற்றியபோது பெரியப்பா கடிதங்களை எடுத்துவந்தார், அந்தத் தனி இடத்தை மறந்துவிட்டார். ஆகவே ஒரு கல்யாணத்தின் படங்கள் முழுக்க, இல்லாத ஒரு முகவரியைக் காட்டும் வரிகளாக மட்டும் நிற்கின்றன.

பாதுகாப்பு இன்னும் பெரிய குறை. மெயில் சர்வரோடு ரகசியமாகப் பேசுவதற்கான டிஎல்எஸ் என்ற முறையில் பழைய 1.0, 1.1 பதிப்புகளைக் கைவிடும்படி இணையத் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப் 2021 மார்ச்சில் அறிவித்தது. 7.1 அந்தக் காலத்து மொழியையே பேசுகிறது. நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளன் மாதிரி இன்னொரு மென்பொருளை உட்காரவைத்து ஒப்பேற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். எழுபத்தைந்து வயதுக்காரரின் மேஜையில் அதைச் செய்துவிட்டு நான் சென்னைக்கு ரயில் ஏறினால், அது உதவியாக இருக்காது. 'பழசே போதும்' என்று சொல்வது ருசி சம்பந்தப்பட்டதாக இருந்தவரை சரி. கதவில் தாழ்ப்பாள் இல்லை என்றானபின் அது வெறும் பிடிவாதம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, தமிழ். அதற்கு வருகிறேன்.

5

அப்படியானால் எட்டு?

விற்பனையை நிறுத்துவதற்கு முன்பே குவால்காம், மோசில்லாவோடு சேர்ந்து யூடோராவைத் திறமூலமாக்கும் வேலையைத் தொடங்கியது. பெனலபி என்று அந்தத் திட்டத்துக்குப் பெயர். அதன் விளைவு 2010 செப்டம்பரில் யூடோரா ஓஎஸ்இ என்ற பெயரில் 1.0 ஆக வந்தது. சோதனைக் காலத்தில் அதற்கு இட்டிருந்த எண்தான் 8. பெரியப்பா கேள்விப்பட்டது அதைத்தான்.

அதை என் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தேன். திறந்த இரண்டாவது நிமிடத்திலேயே தெரிந்தது, இது தண்டர்பேர்ட். உள்ளே ஓடுவது முழுக்க தண்டர்பேர்டின் எலும்பு. மேலே யூடோராவின் படங்கள், யூடோராவின் சில குறுக்குவழிகள். வேலை செய்தவர்களைக் குறை சொல்ல முடியாது. பழைய யூடோராவின் நிரல் வேறு யார் யாருக்கோ உரிமையான துண்டுகளோடு பின்னிக்கிடந்தது. வேறொரு அடித்தளத்தில் அதே அனுபவத்தைக் கட்டித்தரத்தான் அவர்கள் முயன்றார்கள்.

ஆனாலும் 8 என்ற எண் ஒரு பொய்யைச் சொல்கிறது. ஏழுக்குப் பின் எட்டு என்றால் அதே ஆள் ஒரு வயது கூடி வந்திருக்கிறார் என்று பொருள். இங்கே வந்திருப்பது வேறு ஆள், பழைய ஆளின் சட்டையைப் போட்டுக்கொண்டு. நம் ஊரில் ஒரு ஹோட்டல் கைமாறியபின் போர்டை மட்டும் அப்படியே விட்டுவைப்பார்கள். முதல் வாய் சாம்பாரில் தெரிந்துவிடும். பழைய பயனர்கள் பலருக்கும் அப்படித்தான் தெரிந்தது. பழையபடி 7.1-லேயே உட்கார்ந்துகொண்டார்கள். புதியதை விரும்பியவர்களுக்கோ அசல் தண்டர்பேர்டே இருந்தது, 2004-இலிருந்தே. யூடோரா ஓஎஸ்இ இருவருக்கும் நடுவில் நின்றது, அதன்பின் வளரவும் இல்லை.

எட்டு பற்றிய என் தீர்ப்பு சுருக்கமானது. பெயருக்காக மாறாதீர்கள். மாறுவதென்றால் என்னவாக மாறுகிறோம் என்று தெரிந்துகொண்டு மாறுங்கள்.

அசல் யூடோராவின் கதை இன்னும் கௌரவமாக முடிந்தது என்பதையும் சொல்லவேண்டும். கலிபோர்னியாவின் மவுண்டன் வியூவில் இருக்கும் கணினி வரலாற்று அருங்காட்சியகம் குவால்காமோடு சில வருடங்கள் பேசி, 2018 மே மாதத்தில் அதன் மூலநிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வெளியிட்டது. யூடோராவுக்கு உண்மையான அடுத்த பதிப்பு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் நான் அதைத்தான் சொல்வேன்.

6

இப்போது தூ ஈ.

பெரியப்பா வேதியியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய காலேஜ் ஹாஸ்டல் அறைத்தோழர் மலேசியாவிலிருந்து வந்து படித்தவர், படிப்பு முடிந்து ஈப்போவுக்கே திரும்பிப் போய்விட்டார். முப்பது வருடம் ஏர் மெயில் காகிதத்தில் எழுதிக்கொண்டார்கள். 1999 வாக்கில் இரண்டு பேரும் மெயிலுக்கு மாறினார்கள். தமிழில்தான் எழுதுவோம் என்று பிடிவாதம். அப்போது அதற்கு இருந்த வழிகளில் ஒன்று திஸ்கி.

திஸ்கி என்பது ஒரு ஏற்பாடு. கணினியின் 256 இடங்களில் முதல் பாதியில் ஆங்கிலம் இருந்தபடி இருக்கும். மறுபாதியில் ஐரோப்பிய எழுத்துகள் இருக்க வேண்டிய இடங்களில் தமிழை உட்காரவைப்பது. எழுத்துருவை மட்டும் மாற்றினால் போதும், யூடோராவுக்குத் தான் காட்டுவது தமிழ் என்றே தெரியாது. ஏதோ ஐரோப்பிய மொழி என்று நினைத்துக்கொண்டு அது பைட்டுகளைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அந்தக் கடிதத்தைத் திஸ்கி எழுத்துரு இல்லாத மென்பொருளில் திறந்தால், 'தமிழ்' என்ற சொல் இப்படித் தெரியும்: முக்கால் என்ற பின்னக் குறி, தலையில் கோடு போட்ட ஏ, சென்ட் நாணயக் குறி, தலையில் கோடு போட்ட யூ.

யூனிகோட் வந்தபின் உலகம் மாறிவிட்டது. தமிழுக்கென்று தனி இடம் கிடைத்தது. மெயிலில் அது யூடிஎஃப்-8 என்ற முறையில் போகும்போது ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். அதில் முதல் பைட் எல்லாத் தமிழ்க் குறிகளுக்கும் ஒன்றேதான். திஸ்கி அட்டவணையில் அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பது 'தூ'. இரண்டாவது பைட் இரண்டில் ஒன்று. திஸ்கியில் ஒன்று 'ஈ', மற்றது 'உ'. ஆகவே இன்றைய தமிழ்க் கடிதம் எதுவானாலும், பேத்தியின் பிறந்தநாள் அழைப்பானாலும், பெரியப்பாவின் திரையில் தூ ஈ, தூ ஈ, தூ உ என்றுதான் தெரியும். யாரும் துப்பவில்லை. இரண்டு காலங்களின் தமிழ் ஒன்றையொன்று தப்பாக வாசிக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது பிரச்சினையின் முழு வடிவம் தெரியும். 7.1-இல் இருந்தால் பழைய தமிழ் வாசிக்கக் கிடைக்கும், புதிய தமிழ் கிடைக்காது. மாறினால் நேர் எதிர். அந்தப் பழைய எழுத்துருவையே புதிய மென்பொருளிலும் பொருத்தி ஏமாற்றலாம். கண்ணுக்குச் சரியாகத் தெரியும், ஆனால் தேடினால் ஒரு சொல்லும் கிடைக்காது. உள்ளே இருப்பது இன்னும் முக்காலும் சென்ட்டும்தான்.

நமக்கு இது புதிதில்லை. ஓலையிலிருந்து காகிதத்துக்கு வந்தபோதும் இதுதான் நடந்தது. ஓலையில் பெரும்பாலும் புள்ளி இருக்காது. கொம்பு குறிலா நெடிலா என்று தெரியாது. காலும் ரகரமும் ஒன்றுபோல இருக்கும். உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தபோது செய்த வேலையில், எழுத்தை அப்படியே பெயர்த்து வைப்பது சிறு பகுதிதான். எது மெய், எது உயிர்மெய் என்று பிரதியை ஏற்கெனவே அறிந்தவனால்தான் தீர்மானிக்க முடியும். ஓலை தன்னைத்தானே வாசித்துக் காட்டாது. திஸ்கிக் கடிதமும் அப்படித்தான். 'நான் தமிழ்' என்று சொல்லும் ஒரு வரிகூட அதன் தலைப்பில் இல்லை. அது தமிழ் என்று தெரிந்த ஆள் ஒருவர் உயிரோடு இருக்க வேண்டும்.

ஈப்போ நண்பர் 2011-இல் இறந்துவிட்டார். பெரியப்பா கேட்ட அப்கிரேட் கேள்விக்குள் இருந்தது அந்தப் பெட்டி. அதில் 1,140 கடிதங்கள்.

7

சனிக்கிழமை ராத்திரி ஒரு சின்ன பைத்தான் நிரல் எழுதினேன். திஸ்கியை யூனிகோடாக மாற்றுவது அட்டவணை பார்த்து எழுத்துக்கு எழுத்து மாற்றுகிற வேலை மட்டும் இல்லை. திஸ்கி கண் பார்க்கிற வரிசையில் எழுதும். 'பொய்' என்றால் முதலில் கொம்பு, அப்புறம் ப, அப்புறம் கால். யூனிகோடில் ப முதலில், ஒகரக் குறி பின்னால். ஆகவே கொம்புகளையெல்லாம் பிடித்து இடம் மாற்ற வேண்டும். பதினோரு மணிக்கு முதல் கடிதம் சரியாக வந்தது. பெரியப்பா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

1999, 2000 கடிதங்களில் ஒரு விசித்திரம் இருந்தது.

"ங்கே மழை விடவில்லை. ன்றைக்கும் கடை திறக்கவில்லை. ரண்டு நாளாக முதுகு வலி."

நிரலில் பிழை என்று நினைத்து அரைமணி நேரம் தேடினேன். நிரல் சரியாகத்தான் இருந்தது. மூலக் கோப்பிலேயே அந்த எழுத்து இல்லை. அப்புறம்தான் உறைத்தது. திஸ்கியின் முந்தைய அட்டவணையில் 'இ' உட்கார்ந்திருந்த இடம், ஐரோப்பிய அட்டவணையில் வரி உடையும்போது மட்டும் தெரிய வேண்டிய மறைகோட்டுக்கான இடம். சில மென்பொருள்கள் அதை ஒரு எழுத்தாகவே மதிக்காது. பிற்பாடு திஸ்கி 1.7-இல் 'இ'-க்கு இன்னோர் இடமும் கொடுக்க வேண்டியதாயிற்று. நண்பரின் ஆரம்பக் கடிதங்கள் அதற்கு முந்தியவை. ஈப்போவுக்கும் திருச்சிக்கும் நடுவில் ஏதோ ஒன்று, அவருடைய 'இ'-களையெல்லாம் உதறிவிட்டு மிச்சத்தைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது.

"இதை எப்படிப் பெரியப்பா படிச்சீங்க?"

"எப்படின்னா? இ போட்டுப் படிச்சுக்கறதுதான். அவனுக்கும் போன்ல சொன்னேன். உன் இ எல்லாம் கடல்ல விழுந்துடுதுடான்னு."

நிரலில் பத்து வரி சேர்த்தால் போதும். தமிழில் எந்தச் சொல்லும் 'ன்' என்றோ 'ங்' என்றோ மெய்யில் தொடங்காது. அப்படித் தொடங்கினால் முன்னால் 'இ' போடு. நூற்றுக்குத் தொண்ணூறு சரியாக வரும். நான் தட்டச்சு செய்யவே ஆரம்பித்துவிட்டேன்.

"வேணாம். அப்படியே இருக்கட்டும்," என்றார்.

"தேடினா கிடைக்காது பெரியப்பா. 'இங்கே'ன்னு தேடினா வராது."

"நான் தேடறதில்லடா. படிக்கறேன்."

பத்து வருடமாகத் தரவுகளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றும் வேலை செய்கிறவன் நான். மாற்றும்போது சுத்தம் செய்வது எங்கள் தொழிலில் நல்ல பழக்கம். அதைப் பற்றி யாரும் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. அன்று ராத்திரி முதல் தடவையாகப் பதில் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் நாங்கள் செய்தது இது. புதிய மெயில்கள் இனி தண்டர்பேர்டில் வரும். அதில் கடவுச்சொல் முறை புதியது, தமிழ் தமிழாகத் தெரியும், பேத்தி துப்ப மாட்டாள். பழைய கடிதங்களின் யூனிகோட் பிரதி ஒன்று அதிலேயே தனிப் பெட்டியில் இருக்கும். 'இ' போடவில்லை. மூலக் கோப்புகளை ஒரு பைட் மாற்றாமல் இரண்டு டிஸ்க்கில் நகலெடுத்தோம். கூடவே எழுத்துருக் கோப்பையும், திஸ்கி அட்டவணையையும், 'இவை தமிழ்' என்று ஒரு பக்கக் குறிப்பையும் வைத்தேன். பிறகு அந்தப் பழைய கணினியின் இணைய கேபிளைக் கழற்றிவிட்டோம். கேபிள் இல்லாத கணினிக்குப் பாதுகாப்புக் கவலை இல்லை. 7.1 அதில் அப்படியே இருக்கிறது.

அப்கிரேட் செய்யலாமா என்று யாராவது கேட்டால் இப்போது நான் சொல்கிற பதில் இதுதான். வரப்போகிற கடிதங்களுக்காக மாறிவிடுங்கள், அதில் தயங்குவதில் பெருமை எதுவும் இல்லை. வந்த கடிதங்களை அவசரப்பட்டுப் புதிய ஆளிடம் ஒப்படைக்காதீர்கள். முதலில் பத்துக் கடிதங்களை அவன் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள், அதில் பழையது ஐந்தாவது இருக்கட்டும். மூலத்தை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அதை எப்படிப் படிப்பது என்று ஒரு பக்கம் எழுதிவைத்துவிடுங்கள், ஏனென்றால் அது உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

தீபாவளிக்குப் போனபோது பார்த்தேன். புதிய லேப்டாப்பில் மெயில் பார்க்கிறார், பதில் எழுதுகிறார், படம் அனுப்புகிறார். மதியச் சாப்பாட்டுக்குப் பின் உள்ளறைக்குப் போய்ப் பழைய கணினியைப் போட்டார். அது எழுந்து நிற்க ஐந்து நிமிடம் ஆனது. சாய்வு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒரு கடிதத்தைத் திறந்து மெல்ல வாய்விட்டு வாசித்தார். திரையில் 'ங்கே மழை' என்று இருந்தது. அவர் 'இங்கே மழை' என்று வாசித்தார்.